முதலிடத்தில் இருக்கும் இதழைப் படித்துப் பார்த்தால்: சிஏ புற்றுநோய் மருத்துவ ஆய்விதழ் குறித்து ஒரு மதிப்புரை

ஓர் ஆய்விதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் எண்ணான தாக்கக் காரணியின் பட்டியலைக் கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும்போது, மருத்துவத் துறையில் இருப்பவர்கள் முதல் வரியைப் பார்க்காமலேயே சொல்லிவிடக்கூடிய ஒரு பெயர் உண்டு. 'சிஏ: எ கேன்சர் ஜர்னல் ஃபார் கிளினீஷியன்ஸ்' என்ற அந்த இதழின் தாக்கக் காரணி 2020ஆம் ஆண்டுக்கு 508.7 என்று வந்தது. அடுத்த ஆண்டு 286.1 ஆகச் சரிந்து, 2022இல் 254.7 ஆகி, 2023இல் மறுபடியும் 500ஐத் தாண்டியது. அதே 2023ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின், லான்செட் ஆகிய இரண்டும் 100க்குச் சற்றுக் கீழே நின்றன. மருத்துவத்தின் போக்கையே மாற்றிய மருந்துச் சோதனைகளை வெளியிட்ட அந்த இரண்டு இதழ்களைவிட ஐந்து மடங்கு மேலான இதழ் ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்பதே என் பதில். ஆனாலும் இது படிக்க வேண்டிய இதழ்தான். அந்த எண் சொல்லும் காரணத்துக்காக அன்று, வேறு காரணங்களுக்காக.

முதலில் இதழைப் பற்றி. 1913இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1950 முதல் இதை நடத்திவருகிறது; இப்போது வைலி நிறுவனம் அச்சங்கத்துக்காக வெளியிடுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு ஆறு இதழ்கள். இணையத்தில் கட்டணமின்றி முழுக் கட்டுரைகளையும் படிக்கலாம் என்பது இன்றைய நிலையில் சாதாரணச் சலுகையன்று, ஏனெனில் இத்துறையின் முன்னணி இதழ்கள் பலவற்றில் ஒரு கட்டுரையைத் திறப்பதற்கே நூலகச் சந்தாவோ கணிசமான தொகையோ தேவைப்படுகிறது. உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை, ஆய்வகத்தில் கண்டறிந்ததை முதன்முதலாக அறிவிக்கும் இடம் இதுவன்று. புற்றுநோய்ப் புள்ளிவிவர அறிக்கைகள், சங்கத்தின் பரிசோதனை வழிகாட்டுதல்கள், மருத்துவர்களுக்கான நீண்ட மீள்பார்வைக் கட்டுரைகள் ஆகிய மூன்றே இதன் உடல். இவற்றோடு சிறு செய்திக் குறிப்புகளும், மருத்துவரும் செவிலியரும் தொடர்கல்விப் புள்ளிகள் பெறுவதற்கான பகுதிகளும் சேர்ந்துகொள்கின்றன.

இந்த மூன்றில் முதலாவதுதான் அந்தப் பெரிய எண்ணை உண்டாக்குகிறது. அது எப்படி என்பதைப் புரிந்துகொள்ளத் தாக்கக் காரணியின் கணக்கைப் பார்த்தாக வேண்டும். மேற்கோள்களைத் தொகுத்துச் சுட்டும் ஏற்பாட்டை யூஜின் கார்ஃபீல்டு 1955இல் சயன்ஸ் இதழில் முன்மொழிந்தபோது, ஒரு கருத்து எந்தெந்தக் கட்டுரைகளின் வழியே பயணிக்கிறது என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பதே நோக்கமாக இருந்தது. இதழ்களுக்கான மேற்கோள் அறிக்கை 1975இல்தான் வந்தது. ஓர் ஆண்டில் ஓர் இதழுக்குக் கிடைக்கும் தாக்கக் காரணி என்பது, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த இதழில் வந்தவற்றுக்கு அவ்வாண்டில் கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த ஆய்வு, மீள்பார்வைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் ஈவு. அதாவது வெறும் சராசரி.

சிஏ இதழில் ஆண்டுக்குச் சில பத்துக் கட்டுரைகளே வெளிவருகின்றன. கணக்கு விளங்குவதற்காகக் கற்பனையாக ஓர் இதழை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுகளில் அது 50 கட்டுரைகளை வெளியிட்டிருக்கிறது. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் ஓர் ஆண்டில் 20,000 மேற்கோள்கள், மற்ற 49க்கும் தலா 30 என்றால், மொத்தம் 21,470. ஐம்பதால் வகுத்தால் 429.4. அந்த ஒரு கட்டுரையை எடுத்துவிட்டால் மீதியின் சராசரி 30. இரண்டும் ஒரே இதழ்தான். ஒரே ஆசிரியர் குழு, ஒரே மதிப்பாய்வு முறை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வது எல்லா அரிசியும் ஒன்றாக வேகும் பானைக்குத்தான் பொருந்தும். மேற்கோள்கள் அப்படி வேகுவதில்லை. படிகவியல் இதழான ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகாவின் ஏ பிரிவு 2008இல் 2.051 ஆக இருந்த தன் தாக்கக் காரணியை 2009இல் 49.926 ஆக உயர்த்திக்கொண்டதற்கும், படிகக் கட்டமைப்பைக் கண்டறியும் கணினி நிரல் ஒன்றைப் பற்றிய ஒரே கட்டுரையே காரணம். அங்கே அது ஒரு தற்செயல். சிஏவில் அது ஆண்டுதோறும் ஜனவரியில் வரும் புள்ளிவிவர அறிக்கையால் நடக்கும் ஏற்பாடு.

ஏறி இறங்கும் வரைபடமும் இதையே காட்டுகிறது. உலகளாவிய புற்றுநோய்ச் சுமை குறித்த குளோபோகான் 2018 மதிப்பீட்டைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் ஃப்ரெடி பிரே முதலானோர் 2018 இறுதியில் இவ்விதழில் வெளியிட்டனர். 2020ஆம் ஆண்டுக் கணக்கில் 2018, 2019 ஆகிய ஆண்டுகளின் கட்டுரைகளே எண்ணப்படும் என்பதால் அக்கட்டுரை முழு வேகத்தில் உள்ளே இருந்தது, எண் 508.7 ஆனது. 2021ஆம் ஆண்டுக் கணக்குக்கு 2019, 2020 ஆகியவையே உரியவை. அந்தக் கட்டுரை கணக்கில் எடுக்கப்படும் ஈராண்டுச் சாளரத்துக்கு வெளியே போய்விட்டது, அதன் அடுத்த பதிப்போ 2021இல் வெளிவந்ததால் இன்னும் உள்ளே வரவில்லை. எண் ஏறக்குறைய பாதியானது. 2021இல் வந்த அந்த அடுத்த பதிப்பு சாளரத்தில் இருந்த 2023இல் மறுபடி 500ஐத் தாண்டியதும், அது வெளியேறிய 2024ஆம் ஆண்டுக் கணக்கில் பாதிக்கும் கீழே இறங்கியதும் இதே வரிசையில்தான். இதழின் தரம் ஓராண்டில் பாதியாகி, இரண்டாண்டில் இரட்டிப்பாகி, மறுபடி பாதியாகிவிட்டது என்று யாரும் வாதிட மாட்டார்கள். ஆனால் அந்த எண்ணைத் தரம் என்று எடுத்துக்கொண்டால் அப்படித்தான் வாதிட வேண்டியிருக்கும்.

இத்தனை மேற்கோள்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. புற்றுநோய் பற்றிய ஏதாவது பத்து ஆய்வுக் கட்டுரைகளைத் திறந்து, முன்னுரையின் முதல் வாக்கியத்தை மட்டும் படித்தால் போதும். "நுரையீரல் புற்றுநோய் உலகில் புற்றுநோய் இறப்புகளுக்கான முதன்மைக் காரணமாக உள்ளது" என்றோ, அதையொத்த வேறொன்றோ இருக்கும். வாக்கியத்தின் முடிவில் சதுர அடைப்புக்குள் 1 என்ற எண். பின்னால் துணைநூற்பட்டியலின் முதல் வரிக்குப் போனால், பெரும்பாலும் சிஏ. அந்தக் கட்டுரை எலியின் கல்லீரலில் ஒரு புரதத்தின் வேலையைப் பற்றியதாக இருக்கலாம், ஒரு செல் வரிசையின் மருந்து எதிர்ப்பைப் பற்றியதாக இருக்கலாம். தொடக்க வாக்கியமும் தொடக்கச் சுட்டலும் மாறுவதில்லை. நூல் தொடங்கும்போது கடவுள் வாழ்த்துப் பாடும் மரபு போல இது ஓர் எழுத்து மரபாகிவிட்டது என்று சொல்லத் தோன்றினாலும், அதில் தவறு காண்பதற்கு ஒன்றுமில்லை. எண்ணுக்கு ஆதாரம் காட்டுவது முறைதான். அந்தச் சுட்டல்கள் எழுத்தாளர்களின் சிந்தனை சிஏவின் ஆய்வால் மாறியதைக் காட்டவில்லை, ஓர் அட்டவணையின் பயன்பாட்டைக் காட்டுகின்றன என்பதே கருத வேண்டியது.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தன்னைத் தானே மேற்கோள் காட்டியோ, ஒன்றுக்கொன்று சுட்டிக்கொள்ள ஒப்பந்தம் செய்துகொண்டோ தாக்கக் காரணியை ஊதிப் பெரிதாக்கும் இதழ்கள் உண்டு. புற்றுநோய்த் துறையிலேயே, போலி மதிப்பாய்வு காரணமாக 2017இல் டியூமர் பயாலஜி இதழிலிருந்து 107 கட்டுரைகள் ஒரே நேரத்தில் திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். சிஏவின் எண் அந்த வகையைச் சேர்ந்ததன்று. உலகெங்கும் உள்ளவர்கள் உண்மையாகவே எடுத்துப் பயன்படுத்துவதால் வருவது. பொருள்தான் தவறாகக் கொள்ளப்படுகிறது.

சரி, அந்த அட்டவணைக் கட்டுரைகளின் தரம் எப்படி? இங்கேதான் இதழ் தன் உழைப்பைக் காட்டுகிறது. 'கேன்சர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்ற பெயரில் ரெபெக்கா சீகல் முதலானோர் எழுதும் ஆண்டறிக்கை, அமெரிக்காவில் அந்த ஆண்டு எதிர்பார்க்கப்படும் புதிய நோயாளிகளையும் இறப்புகளையும் மாநிலவாரியாகவும் உறுப்புவாரியாகவும் மதிப்பிடுகிறது. 2024ஆம் ஆண்டுக்கு 20,01,140 புதிய நோயாளிகள், 6,11,720 இறப்புகள் என்பது அதன் கணிப்பு. புதிய நோயாளிகளின் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டுமென்று கணிக்கப்பட்டது அதுவே முதல்முறை. பத்திரிகைகள் இந்த வரியோடு நின்றுவிட்டன. கட்டுரையின் சிறப்பு அதற்குப் பின்னால் வருகிறது. அமெரிக்காவில் புற்றுநோய் இறப்பு வீதம் 1991இல் உச்சத்தைத் தொட்டு அதன்பின் தொடர்ந்து குறைந்துவந்ததால் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இறப்புகள் தவிர்க்கப்பட்டன என்பதையும், அதற்குப் புகைபிடித்தல் குறைந்தது, சில புற்றுநோய்களை முன்கூட்டியே கண்டறிந்தது, சிகிச்சை மேம்பட்டது ஆகியவை காரணங்கள் என்பதையும் அது படிப்படியாக விளக்குகிறது. அதே கட்டுரையில், 1990களின் இறுதியில் 50 வயதுக்குக் கீழ்ப்பட்டோரின் புற்றுநோய் இறப்புகளில் நான்காம் இடத்தில் இருந்த பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் இப்போது ஆண்களில் முதலிடத்துக்கும் பெண்களில் இரண்டாம் இடத்துக்கும் வந்துவிட்டது என்ற செய்தியும் இருக்கிறது. இளம் வயதில் வரும் இந்தப் புற்றுநோய் குறித்துச் சமீப ஆண்டுகளில் குவிந்திருக்கும் ஆய்வுகளின் தொடக்கப்புள்ளியைத் தேடுபவர்கள் இந்த ஆண்டறிக்கைகளின் வரிசையையே படிக்க வேண்டும்.

அதற்கு முந்தைய ஆண்டின் அறிக்கை இன்னொரு நல்ல செய்தியைக் கொண்டிருந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரசான ஹெச்.பி.வி.க்கு எதிரான தடுப்பூசி முதலில் கிடைத்த தலைமுறையான 20 முதல் 24 வயது வரையிலான பெண்களில், கருப்பைவாய்ப் புற்றுநோய் 2012க்கும் 2019க்கும் இடையில் 65 விழுக்காடு குறைந்தது. ஒரு தடுப்பூசியின் பயன் மக்கள்தொகை அளவிலான பதிவேட்டில் இவ்வளவு தெளிவாகத் தெரிவது அரிது. ஆனால் இந்தப் பத்தியைப் படித்ததற்காக அந்தக் கட்டுரையைச் சுட்டியவர்கள், மொத்தச் சுட்டல்களில் மிகச் சிறிய பங்கினராகவே இருப்பார்கள் என்பது என் ஊகம்.

இந்த ஆண்டறிக்கையைச் சுட்டுபவர்கள் பலர் அதன் முறையியல் பகுதியைப் படிப்பதில்லை என்பதற்கு அடையாளங்கள் உண்டு. சாதாரண வகைத் தோல் புற்றுநோய்களான அடிச்செல், செதிட்செல் புற்றுநோய்கள் இந்த எண்ணிக்கையில் சேரவில்லை; சிறுநீர்ப்பை தவிர மற்ற உறுப்புகளில் பரவாமல் தோன்றிய இடத்திலேயே நிற்கும் ஆரம்பநிலைப் புற்றுநோய்களும் சேரவில்லை. 2024 அறிக்கைக்கு அடிப்படையான நோய் நிகழ்வுத் தரவு 2020 வரைக்கும், இறப்புத் தரவு 2021 வரைக்குமே உள்ளது. மீதி, கணித மாதிரியைக் கொண்டு செய்த கணிப்பு. ஆகவே ஓராண்டின் கணிப்பை அடுத்த ஆண்டின் கணிப்போடு ஒப்பிட்டுப் போக்கு இது என்று சொல்லாதீர்கள், அதற்கு வயதுக்கேற்பச் சீர்செய்யப்பட்ட வீதங்களைப் பயன்படுத்துங்கள் என்று ஆசிரியர்களே எச்சரிக்கிறார்கள். இருந்தும் "சென்ற ஆண்டைவிட இத்தனை ஆயிரம் கூடுதல்" என்று எழுதிவிட்டு அதே கட்டுரையை ஆதாரமாகக் காட்டுவது நின்றபாடில்லை. அமெரிக்காவுக்கான எண்ணை உலகத்துக்கே உரியதாக எழுதுவதும் உண்டு.

குளோபோகான் கட்டுரைகளுக்கு வருவோம். 185 நாடுகள், 36 வகைப் புற்றுநோய்கள் என்று அவை விரிகின்றன. 2018இல் உலகில் 1.81 கோடிப் புதிய நோயாளிகள், 96 லட்சம் இறப்புகள், 2020க்கு 1.93 கோடி, ஏறக்குறைய ஒரு கோடி. 2022க்கு ஏறக்குறைய 2 கோடி, 97 லட்சம். 2020 மதிப்பீட்டில் பெண்களின் மார்பகப் புற்றுநோய் 11.7 விழுக்காட்டோடு நுரையீரல் புற்றுநோயை முந்தி முதலிடம் பிடித்தது உலகச் செய்தியானது. 2022 மதிப்பீட்டில் நுரையீரல் 12.4 விழுக்காட்டோடு மறுபடி முன்னே வந்துவிட்டது. நான்கு ஆண்டுகளில் உலகின் உயிரியல் அப்படி முன்னும் பின்னும் ஆடிவிடவில்லை. ஒவ்வொரு பதிப்பும் அப்போது கிடைக்கும் தரவையும் முறையையும் கொண்டு புதிதாகச் செய்யப்படும் மதிப்பீடு. பதிப்புகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துக் காலப்போக்கைக் கணிப்பது அதன் நோக்கமன்று. 2020 மதிப்பீடு கோவிட் பெருந்தொற்றின் விளைவைக் கணக்கில் கொள்ளவில்லை என்பதையும் அதன் ஆசிரியர்கள் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள்.

இங்கே எனக்கு உள்ள முதன்மையான குறை, அட்டவணைகள் தங்கள் உறுதியின்மையைப் போதிய அளவு வெளிக்காட்டுவதில்லை என்பது. தரமான புற்றுநோய்ப் பதிவேடு மக்கள்தொகை முழுவதையும் அளக்கும் நாட்டுக்கான எண்ணும், பதிவேடே இல்லாததால் அண்டை நாடுகளின் வீதங்களிலிருந்து வருவிக்கப்பட்ட எண்ணும் உலகத் தொகையில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன; அச்சில் பார்க்கும்போது இரண்டும் ஒரே உறுதியோடு நிற்கின்றன. முறையியலை விளக்கும் தனிக் கட்டுரைகளில் இந்த வேறுபாடு பேசப்படுகிறது என்பது உண்மை. ஆனால் பல பத்தாயிரம் பேர் சுட்டும் கட்டுரை எதுவோ, அதன் வண்ணப் படங்களிலேயே அது தெரிய வேண்டும். எந்த நாடுகளில் புற்றுநோய் மிக வேகமாகப் பெருகும் என்று இக்கட்டுரைகள் கணிக்கின்றனவோ, பெரும்பாலும் அதே நாடுகளில்தான் பதிவேடுகள் மெலிந்திருக்கின்றன என்பதால் இது சிறிய குறையன்று.

சீனாவின் புற்றுநோய்ப் புள்ளிவிவரத்தை 2015ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டு 2016இல் இவ்விதழில் வெளிவந்த கட்டுரையும் மேற்கோள் குவிப்பில் இதே வகையைச் சேர்ந்தது. சுமார் 43 லட்சம் புதிய நோயாளிகள், 28 லட்சத்துக்கும் மேற்பட்ட இறப்புகள் என்ற அதன் மதிப்பீடு, சீன ஆய்வாளர்களின் பெருகிவந்த வெளியீடுகளுக்கெல்லாம் முதல் சுட்டலாயிற்று.

இனி, எண்ணில் அதிகம் தெரியாத பகுதி. என் கணிப்பில் இதழின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2018இல் இவ்விதழில் வெளியிட்ட வழிகாட்டுதல், பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையைச் சராசரி ஆபத்துள்ளவர்களுக்கு 50 வயதில் அல்லாமல் 45 வயதிலேயே தொடங்கலாம் என்றது. மேலே சொன்ன ஆண்டறிக்கைகள் காட்டிய இளவயதுப் பெருக்கமே அதன் பின்னணி. அந்தக் கட்டுரையைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியது அதன் நிதானம். 50 வயதுக்கு மேற்பட்டோருக்கான பரிந்துரை வலுவானது, 45 முதல் 49 வரையிலானது நிபந்தனைக்குட்பட்டது என்று ஆதாரத்தின் கனத்துக்கேற்பப் பரிந்துரையின் கனத்தையும் அது பிரித்துவைக்கிறது. 75 வயது வரை தொடரலாம், 76 முதல் 85 வரை ஒவ்வொருவரின் உடல்நிலையையும் விருப்பத்தையும் பொறுத்தது, அதற்குமேல் வேண்டாம் என்று எங்கே நிறுத்துவது என்பதையும் சொல்கிறது. அப்போது பலர் இதை அவசரம் என்று விமர்சித்தனர். அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2021இல் அதே 45 வயதுக்கு வந்து சேர்ந்தது. ஒரு நாட்டின் கோடிக்கணக்கான மனிதர்கள் எந்த வயதில் பரிசோதனைக்குப் போவார்கள் என்பதை அசைத்த கட்டுரை இது; எத்தனை பேர் அதன் பிறகு பரிசோதனை செய்துகொண்டார்கள் என்பதைத் தாக்கக் காரணி கேட்பதே இல்லை.

2020இன் கருப்பைவாய்ப் புற்றுநோய் வழிகாட்டுதல், 25 வயதில் தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஹெச்.பி.வி. பரிசோதனை என்று எளிமைப்படுத்தியது. 2023இன் நுரையீரல் வழிகாட்டுதல் அதைவிட முக்கியமானது. நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் 20 ஆண்டுகளுக்கு இணையான அளவு புகைத்திருந்தால், 50 முதல் 80 வயது வரை ஆண்டுதோறும் குறைகதிர் சி.டி. ஸ்கேன் என்று அது பரிந்துரைத்ததோடு, புகைப்பதை நிறுத்தி 15 ஆண்டுகள் கடந்துவிட்டால் பரிசோதனை தேவையில்லை என்ற பழைய வரம்பையும் நீக்கியது. நிறுத்திய பின்னும் வயது ஏற ஏற ஆபத்து கூடிக்கொண்டே போகிறது, வரம்பைத் தாண்டியவுடன் மறைந்துவிடுவதில்லை என்ற வாதத்தைப் படிப்பவர் தானே பின்தொடர்ந்து சரிபார்க்கும்படி அக்கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பிரிக்கும் புற்றுநோய் நிலை வகைப்பாட்டின் எட்டாம் பதிப்பு வந்தபோது, அதில் என்ன மாறியது, ஏன் மாறியது என்பதை 2017இல் மார்பகப் புற்றுநோய், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக விளக்கிய கட்டுரைகளும் இந்த வரிசையில் வைக்கத்தக்கவை.

மீள்பார்வைக் கட்டுரைகளின் வரிசையைப் பார்த்தால் துறையின் நாட்டம் எங்கே நகர்கிறது என்பது ஓரளவு தெரிகிறது. நோய் தீர்ந்தபின் வாழ்பவர்கள் பற்றிய எழுத்து பெருகியிருக்கிறது. 2022 தொடக்கத்தில் அமெரிக்காவில் மட்டும் புற்றுநோய் வரலாறு உள்ளவர்கள் 1.8 கோடிக்கு மேல் என்று இவ்விதழின் இன்னொரு தொடர் அறிக்கை மதிப்பிட்டபோது, சிகிச்சைக்குப் பிந்தைய இதயச் சிக்கல், சோர்வு, செலவுச் சுமை ஆகியவை ஓரத் தலைப்புகளாக நீடிக்க முடியாது என்பது தெளிவாயிற்று. இனம், வருமானம், காப்பீடு ஆகியவற்றால் இறப்பு வீதத்தில் வரும் வேறுபாடு இப்போது ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் இடம்பெறும் பகுதி. படிமவியலில் செயற்கை நுண்ணறிவு பற்றி 2019இல் வந்த நீண்ட மீள்பார்வை, அந்த ஆரவாரம் இன்றைய உச்சத்தை எட்டும் முன்பே அதன் எல்லைகளையும் பேசியிருந்தது. நோயெதிர்ப்புச் சிகிச்சை பற்றிய கட்டுரைகள் பயனுள்ளவை. ஆனால் அந்தத் துறையின் வேகத்துக்கு இரு மாத இதழின் மீள்பார்வை எப்போதும் ஓரடி பின்னால்தான்.

வேறு குறைகளும் உண்டு. வழிகாட்டுதலை எழுதுவதும் சங்கம், வெளியிடும் இதழும் அதே சங்கத்துடையது என்பதால், அவற்றுக்கு எதிரான வலுவான மாற்றுக் கருத்தை அதே பக்கங்களில் எதிர்பார்க்க முடியாது. அதை வேறு இதழ்களில்தான் தேட வேண்டும். சான்றாக, மிகைக்கண்டறிதல் பற்றிய விவாதம், அதாவது வாழ்நாளில் தொல்லையே தராத கட்டிகளைக் கண்டுபிடித்துச் சிகிச்சை அளிப்பதன் தீங்கு, இங்கே சொல்லப்படுகிறது, ஆனால் தாழ்ந்த குரலில். பரிந்துரைகள் யாவும் அமெரிக்காவின் நோய் விகிதத்தையும் காப்பீட்டு ஏற்பாட்டையும் மனத்தில் வைத்தவை என்பதும் பிற நாட்டு வாசகர் மறக்கக்கூடாதது. அட்டவணைகள் கைப்பேசித் திரையில் படிக்கத் தக்கனவாக இல்லை; பி.டி.எஃப். கோப்பைப் பெரிய திரையில் திறப்பதே நல்லது.

எண்ணை வைத்து இதழ்களை ஒப்பிடும் பழக்கம் எவ்வளவு பொருளற்றது என்பதை இதே சங்கத்தின் இன்னோர் இதழைக் கொண்டே காட்டலாம். 1948 முதல் வரும் 'கேன்சர்' இதழ் முதல்நிலை மருத்துவ ஆய்வுகளை வெளியிடுகிறது. அதன் தாக்கக் காரணி 2023ஆம் ஆண்டுக் கணக்கில் 6 அளவில் இருந்தது. வைலி 2012இல் தொடங்கிய திறந்த அணுக்க இதழான 'கேன்சர் மெடிசின்' மிகப் பெரும் எண்ணிக்கையில் கட்டுரைகளை ஏற்பதால் அதன் வகுஎண் பெரியது. அதன் தாக்கக் காரணி 5ஐ எட்டுவதில்லை. ஒரு நல்ல மருத்துவச் சோதனையை முடித்த ஆய்வாளருக்கு உரிய இடம் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம். சிஏவாக இருக்கவே முடியாது, ஏனெனில் அந்த வகைக் கட்டுரை அங்கே வெளிவருவதில்லை. ஆகவே 6ஐயும் 500ஐயும் ஒரே ஏணியின் படிகளாக வைப்பது, வெவ்வேறு பணி செய்யும் இரண்டு பேரை ஒரே தேர்வு எழுதச் சொல்லி மதிப்பெண் போடுவதாகும்.

இதையெல்லாம் துறையினர் அறியாதவர்களல்லர். நார்வே நாட்டுச் செல்லியல் ஆய்வாளர் பெர் செக்லன் 1997இலேயே, ஓர் இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு தனிக் கட்டுரையை மதிப்பிடக் கூடாது என்பதற்கான காரணங்களை பி.எம்.ஜே. இதழில் அடுக்கியிருந்தார். ஆய்வு மதிப்பீடு பற்றிய சான்ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் 2012 டிசம்பரில் உருவாகி, ஆயிரக்கணக்கான நிறுவனங்களும் ஆய்வாளர்களும் அதில் கையொப்பமிட்டுள்ளனர். 2022ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து கிளாரிவேட் மூன்று தசம இடங்களை ஒன்றாகக் குறைத்ததும், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் வழியே வரும் மேற்கோள்களை 2024ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து விலக்கத் தொடங்கியதும் நல்ல திருத்தங்கள். எனினும், 254.7 என்பதற்கும் 254.712 என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீக்குவது, ஒரு கட்டுரை உள்ளே வருவதால் இரட்டிப்பாகும் எண்ணுக்கு மருந்தாகாது. ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தைக் கொண்டு கணக்கிடப்படும் சைட்ஸ்கோர் என்ற இன்னோர் அளவீடு நான்காண்டுச் சாளரத்தைப் பயன்படுத்துவதால் ஆட்டம் சற்றுக் குறையலாம். சராசரிதான் என்ற அடிப்படைச் சிக்கல் அங்கேயும் அப்படியே இருக்கிறது. சராசரியோடு இடைநிலை மதிப்பையும், மேற்கோள்கள் கட்டுரைகளிடையே எப்படிப் பரவியிருக்கின்றன என்ற வரைபடத்தையும் ஒவ்வோர் இதழும் தன் முகப்பிலேயே போட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். அப்படிப் போடுவதற்கு சிஏவைவிடப் பொருத்தமான இதழ் இல்லை. இழப்பதற்கு அதனிடம் தேவையற்ற பெருமை மட்டுமே உண்டு.

யாருக்கு இந்த இதழ் ஏற்றது என்றால், புற்றுநோய் மருத்துவத்தில் நேரடியாக ஈடுபடாத பொது மருத்துவர்களுக்கும், பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கும், நலவாழ்வுச் செய்தி எழுதுபவர்களுக்கும் முதலில் பரிந்துரைப்பேன். ஜனவரி இதழைத் திறப்பவர்கள் அட்டவணை ஒன்றிலிருந்து எண்ணை எடுத்துக்கொண்டு வெளியேறாமல், தரவு எந்த ஆண்டு வரை, எவை சேர்க்கப்படவில்லை என்ற முறையியல் பத்திகளையும், இறப்பு வீதப் போக்கை விளக்கும் பகுதியையும் படிக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் போதும். வழிகாட்டுதல் கட்டுரைகளில் பரிந்துரைப் பெட்டியோடு நிற்காமல், அதற்கு அடுத்து வரும் ஆதாரத் தர அட்டவணையையும் பார்க்க வேண்டும். முதல்நிலை ஆய்வை எங்கே அனுப்பலாம் என்று தேடுபவர்களுக்கு இங்கே வேலையில்லை. 2024இல் வெளிவந்த குளோபோகான் 2022 கட்டுரை 2025, 2026 ஆகிய ஆண்டுகளின் கணக்கில்தான் சாளரத்துக்குள் இருக்கும் என்பதால், அந்தப் பட்டியல்களில் இதழின் எண் மறுபடி உயர வாய்ப்பு அதிகம். அப்படி உயர்ந்தால், எந்தக் கட்டுரையால் என்பதை இப்போதே குறித்துவைத்துக்கொள்ளலாம்.